நூலகர்க்கு இருக்கை தேடித் தந்த சீர்காழியார்

சீர்காழி என்னும் ஊர்ப்பெயரைக் கேட்ட அளவில் தமிழ் பயிலும் மாணவர்க்குத் திருஞானசம்பந்தர் நினைவுக்கு வருவார். இசையில் நாட்டமுடையோர்க்கு இராம நாடகக் கீர்த்தனை இயற்றிய அருணாசலக் கவிராயர் நினைவுக்கு வருவார். அவ்வூர்ப் பெயரைத் தம் பெயரின் முதலெழுத்தாகத் தாங்கி, உலக நூலகங்கள் பலவற்றிலும் அதனைக் கொண்டு சேர்த்த பெருமகனார் பிறிதொருவரும் உண்டு. அவர்தாம் எஸ்.ஆர். அரங்கநாதன் என நாடறிந்த சீர்காழி இராமாமிர்தம் அரங்கநாதன் ஆவார்.

இந்திய நூலகவியலின் தந்தை என்று அவரைப் பாடநூல்கள் குறிக்கின்றன. கோலன் பகுப்பு முறையைக் கண்டவர், நூலகவியலின் ஐந்து விதிகளை வகுத்தவர் என்று பொது அறிவுத் தேர்வுக்குப் படிக்கும் மாணவரும் மனப்பாடமாக ஒப்பிப்பர். பெரும்பாலோர் அவ்விரண்டோடு நின்றுவிடுகின்றனர். நூலகத்தில் அமர்ந்திருப்பவர் பூட்டும் சாவியும் வைத்திருக்கும் காவலர் அல்லர். அவர் கற்றறிந்தவராக, பயிற்சி பெற்றவராக, ஆசிரியரோடு ஒப்ப வைத்து மதிக்கப்படுபவராக இருத்தல் வேண்டும் என்னும் ஒன்றற்காக 48 ஆண்டுகள் அவர் ஓயாது உழைத்தார் என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அவ்வுழைப்பின் வழியே அன்னாரின் வாழ்வைக் காண்பது இக்கட்டுரையின் நோக்கம்.

மனமின்றி ஏற்ற பதவி

1892-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அன்றைய தஞ்சை மாவட்டத்தில் அரங்கநாதன் பிறந்தார். அலுவல்முறைப் பதிவுகளில் 9-ஆம் நாள் என்று காணப்படினும், 12-ஆம் நாளே அவர் பிறந்த நாளாகக் கொள்ளப்பட்டு நாடெங்கும் நூலகர் நாளாகக் கொண்டாடப் பெறுகிறது. ஆறு வயதளவில் தந்தையை இழந்தார். சீர்காழி சபாநாயக முதலியார் இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் சேர்ந்து கணிதத்தில் 1913-ல் இளங்கலையும் 1916-ல் முதுகலையும் பெற்றார். அங்கே அவருக்குக் கணிதம் கற்பித்த பேராசிரியர் எட்வர்டு ராஸ் என்பாரை வாழ்நாள் முழுதும் தம் ஆசானாகப் போற்றி வந்தார். சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் பயிற்சியும் பெற்று, 1917 முதல் மங்களூரிலும் கோவையிலும் அரசுக் கல்லூரிகளில் கணிதம் கற்பித்தார். பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். இளமையில் அவருக்குத் திக்குவாய் இருந்தது. பேசத் தயங்கும் ஒருவர் வகுப்பறையையே தம் தொழிற்களமாகத் தேர்ந்து, அக்குறையை வென்று, மாணவர் விரும்பும் ஆசிரியராக விளங்கினார் என்பது நம் மாணவர்கள் ஊன்றி நோக்கத் தக்கது.

கணிதத்தின் மேல் அவர் வைத்த காதல் பிற்காலத்தும் தணியவில்லை. கணித மேதை இராமானுசனைப் பற்றி 1967-ல் ஒரு நூலே எழுதி வெளியிட்டார். அத்தகையவர் கரும்பலகையை விட்டு நூல்களின் பக்கம் வந்தது தற்செயலாக நேர்ந்ததாகும்.

1923-ல் சென்னைப் பல்கலைக் கழகம் தனக்கென நூலகர் பதவியொன்றை ஏற்படுத்தி விண்ணப்பங்களைக் கோரியது. ஏறத்தாழ 900 பேர் விண்ணப்பித்தனர் என்பர். நூலகப் பயிற்சி பெற்றவர் அவர்களுள் ஒருவரும் இலர். கல்லூரி ஆசிரியரின் ஊதியத்தினும் நூலகர்க்குரிய ஊதியம் மிகுதி, நண்பர்கள் வற்புறுத்தினர், அரங்கநாதனும் விண்ணப்பித்தார். நேர்காணலுக்கு முன்பாக ஆங்கிலக் கலைக்களஞ்சியத்தில் நூலகம் பற்றிய கட்டுரையைப் படித்துக் கொண்டதே அவர் அத்துறையில் பெற்றிருந்த கல்வி. அவரே தேர்ந்தெடுக்கப்பட்டார்.

1924 ஜனவரியில் பொறுப்பேற்றார். பல்கலைக் கழக நூலகம் அந்நாளில் எழும்பூரில் கன்னிமாரா நூலகக் கட்டடத்தில் இடம்பெற்றிருந்தது. வகுப்பறையின் ஆரவாரத்தில் மகிழ்ந்து பழகியவர்க்கு அங்கிருந்த தனிமை தாங்கவொண்ணாததாயிற்று. வருவோர் சிலர், கேட்போர் அதனினும் சிலர். நாள் முழுதும் நாற்காலியில் வாளா அமர்ந்திருத்தலே பணியென ஆயிற்று. சில நாள்களிலேயே மாநிலக் கல்லூரிக்கு ஓடிச் சென்று, தமக்கு இப்பதவி வேண்டா, பழைய ஆசிரியப் பணியே போதும் என முறையிட்டார். பல்கலைக் கழக ஏற்பாட்டின்படி நூலகப் பயிற்சிக்காக அவர் இங்கிலாந்து செல்ல வேண்டியிருந்தது. சென்று திரும்பிய பின்னும் மனம் மாறாவிடின் கல்லூரியில் மீண்டும் ஏற்றுக்கொள்வதாக உறுதி கூறி அவரை அனுப்பி வைத்தனர்.

அவரை அன்று வெறுப்புறச் செய்தது நூலகம் அன்று என்பதை இங்குக் கருதிப் பார்க்க வேண்டும். செய்வதற்கு எதுவுமில்லாத ஒரு பதவி, கற்றவர் ஒருவரை அமர்த்திவிட்டு அவரிடம் எதனையும் எதிர்பாராத ஓர் அமைப்பு ஆகியவையே அவரைத் துரத்தின. நூலகர் என்பவர் யார் என்னும் வினா அவருள்ளத்தில் முளைத்த இடம் அந்த நாற்காலியே எனலாம்.

இலண்டனில் கண்ட தொழில்

1924-ன் பிற்பகுதியில் இலண்டன் சென்ற அரங்கநாதன், அங்குள்ள யுனிவர்சிட்டி கல்லூரியின் நூலகவியல் பள்ளியில் பயின்றார். பெர்விக் சேயர்சு என்பார் அங்கே பகுப்பியல் கற்பித்தார். அவர் குராய்டன் நகரப் பொது நூலகத்தின் தலைவராகவும் இருந்தமையால், அந்நூலகத்தில் பணியாற்றிப் பார்க்கும் வாய்ப்பும் அரங்கநாதனுக்குக் கிட்டிற்று. பின்னர் அந்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட நூலகங்களை நேரில் சென்று கண்டார்.

அங்கே அவர் கண்டது தாம் சென்னையில் விட்டு வந்த காட்சிக்கு நேர்மாறானது. தொழிலாளரும் இல்லத்தரசியரும் சிறுவரும் நூலகத்துள் தங்குதடையின்றி வந்து சென்றனர். வருவோரின் தேவையறிந்து நூலெடுத்துத் தரும் பணியாளர் பயிற்சி பெற்றவராயிருந்தனர். அவர்கட்கெனச் சங்கமும் தேர்வும் சான்றிதழும் இருந்தன. வழக்கறிஞர்க்கும் மருத்துவர்க்கும் இருப்பது போல நூலகர்க்கும் ஒரு தொழில்மரபு உண்டு என்பதைக் கண்கூடாகக் கண்ட பின்னர், கணிதப் பேராசிரியராகத் திரும்பும் எண்ணத்தை அவர் அடியோடு விட்டுவிட்டார்.

பகுப்பு முறையைப் பற்றி ஈண்டு ஒரு சொல் கூறியாதல் வேண்டும். நூற்பொருள்களைப் பகுப்பதற்கு அந்நாளில் வழங்கிய முறைகள் அவருடைய கணித அறிவுக்கு நிறைவளிக்கவில்லை. இலண்டன் செல்ஃபிரிட்ஜஸ் அங்காடியில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளைக் கண்டார். துளையிட்ட தகடுகளையும் திருகாணிகளையும் மாற்றி மாற்றி இணைத்தால் வெவ்வேறு உருவங்கள் தோன்றும். ஒரு நூலின் பொருளையும் அவ்வாறே சிறு கூறுகளாகப் பிரித்து, வேண்டியவாறு இணைத்து, இடையே முக்காற்புள்ளியை இட்டு எண்ணமைக்கலாமே என்று அவருக்குத் தோன்றிற்று. அதுவே 1933-ல் கோலன் பகுப்பு முறை என நூலாக வெளிவந்தது. அதன் நுட்பங்களை விரிப்பின் பெருகும்; நூலகவியல் துறையினர் அதனை நன்கறிவர்.

சென்னையில் ஒரு கோடைப் பள்ளி

1925-ல் தாயகம் திரும்பிய அரங்கநாதன் பல்கலைக் கழக நூலகத்தை அடிமுதல் மாற்றி அமைத்தார். மூடிய அலமாரிகள் திறக்கப்பட்டன; வாசகர் தாமே உட்சென்று நூலைத் தொட்டெடுக்கும் உரிமை பெற்றனர். விடுமுறை நாள்களிலும் நூலகம் திறந்திருந்தது. தாமும் நாளொன்றுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று மணிநேரம் அங்கேயே உழைத்தார். முதல் மனைவியார் உருக்மணி அம்மையார் 1928-ல் திருவல்லிக்கேணிக் கோயிற்குளத்தில் தவறி விழுந்து உயிர் நீத்தார். மறு ஆண்டு சாரதா அம்மையாரை மணந்துகொண்ட நாளிலும் சடங்குகள் முடிந்த பிற்பாடு நூலகத்திற்கு வந்துவிட்டார் என்று அவரை அறிந்தோர் சொல்லி வந்தனர். இச்செய்தியைக் கேட்டு வியப்பதா, அவ்வம்மையாரை எண்ணி இரங்குவதா என எனக்குத் தெளிவாகவில்லை. அவ்வம்மையாரின் பெயர் பின்னர் எங்கே பொறிக்கப் பெற்றது என்பதைக் கட்டுரையின் பிற்பகுதியில் காண்போம்.

தாம் ஒருவர் மட்டும் பயிற்சி பெற்றிருந்து பயனில்லை என்பதை அரங்கநாதன் விரைவில் உணர்ந்தார். மாகாணமெங்கும் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் நூலகப் பொறுப்பு, வேறு வேலைக்குத் தகாதவர் என ஒதுக்கப்பட்டவரிடமோ, மிகுதி வேலையாக ஓர் எழுத்தரிடமோ விடப்பட்டிருந்தது. 1928-ல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. அரங்கநாதன் அதன் செயலாளராக நின்று உழைத்தார். அடுத்த ஆண்டே, 1929-ல், அச்சங்கத்தின் சார்பில் கோடை விடுமுறையில் நூலகப் பயிற்சிப் பள்ளி தொடங்கப் பெற்றது. பள்ளி ஆசிரியர்களும் கல்லூரிப் பணியாளர்களும் விடுமுறையைத் துறந்து வந்து பயின்றனர். 1931-ல் அப்பயிற்சியைப் பல்கலைக் கழகமே ஏற்று நடத்தலாயிற்று. 1937-ல் அது பட்டம் பெற்றோர்க்குரிய முழுநேரப் பட்டயப் படிப்பாக உயர்ந்தது. கோடை வெயிலில் தொடங்கிய ஒரு சிறு வகுப்பு எட்டாண்டுகளில் பல்கலைக் கழகப் பட்டயமாக வளர்ந்தது சிறிய செய்தியன்று. படிப்பு என்று ஒன்று ஏற்பட்ட பின்னரே அதற்குரிய தகுதி என்று ஒன்று பேசப்படும். தகுதி பேசப்பட்ட பின்னரே அதற்குரிய ஊதியம் கேட்கப்படும். இவ்வரிசையை அவர் நன்கறிந்திருந்தார்.

இந்தியாவில் நூலகப் பயிற்சியை முதலில் தொடங்கியவர் அரங்கநாதன் அல்லர் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பரோடா மன்னர் சயாஜி ராவ் அமெரிக்கராகிய போர்டன் என்பாரை அழைத்து 1911-ல் தம் நாட்டில் பயிற்சி தொடங்கினார். இலாகூரில் பஞ்சாபுப் பல்கலைக் கழகத்தில் 1915-ல் டிக்கின்சன் என்னும் மற்றோர் அமெரிக்கர் வகுப்பு நடத்தினார். அங்கே பயின்றவருள் ஒருவரே கான் பகதூர் கே.எம். அசதுல்லா. அவர் பின்னர்க் கல்கத்தா இம்பீரியல் நூலகத்தின் நூலகராக உயர்ந்து, அங்கே 1935-ல் பயிற்சி வகுப்பைத் தொடங்கியவர். 1933-ல் கல்கத்தாவில் தோன்றிய இந்திய நூலகச் சங்கத்தின் முதற் செயலாளர். நம் சமுதாயத்து இளைஞருள் அசதுல்லாவின் பெயரையேனும் கேள்வியுற்றோர் மிகச் சிலரே. வடக்கே அசதுல்லாவும் தெற்கே அரங்கநாதனும் ஒரே காலத்தில் ஒரே வேலையைச் செய்தனர். இந்திய நூலகச் சங்கத்தின் தலைமை 1944-ல் அரங்கநாதனிடம் வந்து சேர்ந்தது. 1953 வரை அவர் அப்பொறுப்பில் இருந்தார்.

ஐந்து விதிகளும் பணியாளரும்

நூலகவியலின் ஐந்து விதிகளை விளக்கும் அவருடைய ஆங்கில நூல் 1931-ல் சென்னை நூலகச் சங்கத்தின் வெளியீடாக வந்தது. நூல் என்பது காத்து வைப்பதற்காக அன்று, பயன்படுவதற்காக ஏற்பட்டது என்பதில் தொடங்கி, நூலகம் ஓய்வின்றி வளரும் உயிர்ப்பொருளை ஒத்தது என்பதில் முடியும் அவ்விதிகளை இக்காலத்து மாணவர் யாவரும் அறிவர். முதல் விதியை விளக்கும் பகுதியில் அவர் எவற்றையெல்லாம் பேசுகிறார் என்பதைக் கவனிப்போர் அரியர். நூல் பயன்பட வேண்டுமாயின் நூலகம் ஊரின் நடுவே இருக்க வேண்டும், நெடுநேரம் திறந்திருக்க வேண்டும், நாற்காலியும் அலமாரியும் ஏற்றவாறு அமைய வேண்டும் என்று கூறிக்கொண்டே வந்து, இவையனைத்தும் இருந்தும் தக்க பணியாளர் இலரேல் எல்லாம் வீண் என்னும் இடத்தில் வந்து நிற்கிறார். நூலகரின் புலமை, அவர் பெறவேண்டிய பயிற்சி, அவர்க்குத் தரவேண்டிய ஊதியம், நிறுவனத்தில் அவர்க்குரிய இடம் ஆகியவற்றை அங்கே ஒவ்வொன்றாக ஆராய்கிறார். நூலகர் ஊதியம் என்பது நூலகரின் சொந்த நலம் பற்றிய வேண்டுகோளன்று, வாசகரின் உரிமையோடு பிணைந்தது என்று காட்டியதே அவருடைய வாதத்தின் வலிமை.

வேண்டுகோளாக மட்டும் அவர் இதனை விட்டுவிடவில்லை. கணித ஆசிரியர் அல்லவா! நூலகம் ஒன்றிற்கு எத்துணைப் பணியாளர் வேண்டும் என்பதற்கு வாய்பாடு ஒன்றே வகுத்தார். ஆண்டுக்கு 2,000 நூல்கள் புதிதாகச் சேருமாயின் அவற்றைப் பகுத்துப் பட்டியலிட ஒருவர் வேண்டும். நூல் வழங்கும் வாயில் ஆண்டுக்கு 1,500 மணிநேரம் திறந்திருக்குமாயின் அதற்கொருவர் வேண்டும். நாளொன்றுக்கு வரும் வாசகர் 50 பேர்க்கு அவர்தம் ஐயந்தீர்த்து உதவ ஒருவர் வேண்டும். இவ்வாறு கணக்கிட்டுக் கூட்டினால் நிருவாகத்தின்முன் கைகட்டி நின்று ஆள் கேட்க வேண்டிய நிலை நூலகர்க்கு இராது, எண்களே பேசும். நிருவாகத்தார் பலர் இன்றும் இவ்வாய்பாட்டைக் காண விரும்புவதில்லை என்பது வேறு செய்தி.

பொது நூலகத்துறையிலும் அவர் உழைப்பு சட்டமாகக் கனிந்தது. 1930-ல் காசியில் நடைபெற்ற ஆசியக் கல்வி மாநாட்டில் நூலகச் சட்டத்திற்கான முன்மாதிரி வரைவொன்றை அளித்தார். அவ்விதை முளைக்கப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. கல்வி அமைச்சராயிருந்த அவினாசிலிங்கம் அவர்களின் ஆர்வத்தால் 1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறிற்று. விடுதலை பெற்ற இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் நூலகச் சட்டம் அதுவே. நூலகத்திற்கென வரி விதிக்கும் ஏற்பாடும் மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழுவும் அச்சட்டத்தால் வந்தன. ஊர் ஊராகக் கிளை நூலகங்களும் அவற்றில் அமர நூலகர்களும் தோன்றுவதற்கு வழி பிறந்தது அங்கேதான்.

காணாமற்போன நூலுக்கு யார் பொறுப்பு?

இவ்விடத்தில் என் நினைவிலுள்ள ஒன்றைச் சொல்ல விழைகிறேன். நான் பயின்ற கல்லூரியொன்றில் நூலகராக இருந்த பெரியவர் பணி ஓய்வு பெறும் காலம் வந்தது. முப்பது ஆண்டுகளில் காணாமற்போன நூல்களின் பட்டியல் ஒன்று அவர் கையில் தரப்பட்டது. அதற்குரிய தொகையைக் கட்டித் தீர்த்தாலன்றி ஓய்வுக்காலப் பயன் வாராது என்றனர். மாணவர்க்கு நூலை மனமுவந்து எடுத்துத் தந்தவர் அவர். அலமாரியைப் பூட்டியே வைத்திருந்தால் ஒரு நூலும் தொலைந்திராது. மகளின் திருமணத்திற்கென வைத்திருந்ததில் ஒரு பகுதியைக் கொண்டு அவர் அக்கடனை அடைத்தார் என்று பின்னர் அறிந்தேன். கல்லூரி ஆண்டுவிழாப் படத்தில் ஆசிரியர்கள் நாற்காலியில் அமர்ந்திருக்க அவர் கடைசி வரிசையில் ஓரமாக நின்றிருப்பார்.

அரங்கநாதன் எதனை எதிர்த்துப் போராடினார் என்பது எனக்கு விளங்கியது அப்பெரியவரைக் கண்ட பிறகே. திறந்த அலமாரி முறையை அவர் வலியுறுத்தியபோது எழுந்த முதல் அச்சமே நூல்கள் களவு போகும் என்பது. பயன்படும் பொருளில் தேய்வும் இழப்பும் இயல்பு. அதற்கு நூலகரைக் கடனாளியாக்கினால் அவர் நூலைப் பூட்டி வைப்பதையே கடமையாகக் கொள்வார் என்று அவர் விடாது வாதாடினார். வழங்கப்படும் ஆயிரம் நூல்களுக்கு ஐந்து என்னும் அளவுவரை ஏற்படும் இழப்பை, நேர்மையின்மையோ கவனக்குறைவோ இல்லாதவிடத்து, ஏற்கத்தக்கதாகக் கொள்ளலாம் என மைய அரசின் பொது நிதி விதிகள் கூறுகின்றன. 2005-ல் வெளியான விதிகளிலும் 2017-ல் வெளியான விதிகளிலும் இது காணப்படுகிறது. எங்கள் பெரியவர்க்கு இவ்விதி எட்டவில்லை.

ஆசிரியர்க்கு நிகராக நூலகரை வைக்க வேண்டும் என்னும் கோரிக்கை 1957-ல் ஓர் அரிய வாய்ப்பைப் பெற்றது. பல்கலைக் கழக மானியக் குழு நூலகங்களைப் பற்றி ஆராய ஒரு குழுவை அமைத்து அதன் தலைமையை அரங்கநாதனிடம் ஒப்படைத்தது. மாணவர் ஒருவர்க்கு 15 ரூபாயும் ஆசிரியர் ஒருவர்க்கு 200 ரூபாயும் எனக் கணக்கிட்டு ஆண்டுதோறும் நூலகத்திற்குப் பொருள் ஒதுக்க வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது. பல்கலைக் கழக நூலகர்க்குப் பேராசிரியர்க்குரிய தகுதியும் ஊதியமும், துணை நூலகர்க்கு ரீடர்க்குரியவையும், உதவி நூலகர்க்கு விரிவுரையாளர்க்குரியவையும் வழங்கப்பெற வேண்டும் என்றும் அது கூறிற்று. நூலகர்களுக்கும் ஆசிரியர்க்கு ஒத்த ஊதிய விகிதம் வழங்கும் நெறி இந்நாட்டுப் பல்கலைக் கழகங்களில் வேரூன்றுவதற்கு அப்பரிந்துரையே அடித்தளமிட்டது. அதற்கு ஈடாக நூலகரும் ஆசிரியர்க்குரிய கல்வித் தகுதியைப் பெற்றாக வேண்டும் என்பதில் அவர் சிறிதும் விட்டுக்கொடுத்தாரில்லை. சலுகையாகக் கிட்டும் இருக்கை நிலைக்காது என்பது அவர் துணிபு.

புறப்பாடும் கொடையும்

சென்னைப் பல்கலைக் கழக நூலகம் 1936-ல் கடற்கரையில் தனக்கென எழுந்த புதிய கட்டடத்தில் குடியேறிற்று. ஓய்வு பெறும்வரை அங்கேயே இருப்பது அரங்கநாதனின் விருப்பமாயிருந்தது. அது நிறைவேறவில்லை. நிருவாகத்தோடு ஏற்பட்ட மனவேறுபாடு முற்றி, இருபதாண்டுகளுக்கு மேல் தம் குழந்தையைப் போல் வளர்த்த நூலகத்தை விட்டு அவர் வெளியேற நேர்ந்தது. சிறிது காலம் உளம் சோர்ந்திருந்தார். 1945-ல் காசி இந்துப் பல்கலைக் கழகம் அவரை அழைத்துக்கொண்டது. ஐம்பது வயதைக் கடந்த நிலையில் உதவிக்குத் தக்க ஆளின்றி, ஏறத்தாழ ஓர் இலட்சம் நூல்களைத் தம் கையாலேயே பகுத்துத் தந்தார். துயரத்திற்கு அவர் கண்ட மருந்து அது.

1947-ல் தில்லிப் பல்கலைக் கழகம் சென்றார். அங்கே துணைவேந்தராயிருந்த மாரிசு குவயரின் ஆதரவோடு நூலகவியலில் முதுகலைப் பட்டமும் முனைவர் பட்ட ஆய்வும் ஏற்படச் செய்தார். இந்தியப் பல்கலைக் கழகமொன்றில் நூலகவியலுக்கு முதல் முனைவர் பட்டம் 1957-ல் அங்கேதான் வழங்கப் பெற்றது. சென்னையில் சில வாரக் கோடை வகுப்பாக 1929-ல் தொடங்கிய கல்வி, இருபத்தெட்டு ஆண்டுகளில் முனைவர் பட்டத்தை எட்டியது. 1948-ல் தில்லிப் பல்கலைக் கழகம் அவர்க்கு மதிப்புறு இலக்கிய முனைவர் பட்டம் அளித்துச் சிறப்பித்தது. 1955 முதல் ஈராண்டுகள் சுவிட்சர்லாந்தில் சூரிக் நகரில் தங்கி எழுதியும் ஆய்ந்தும் வந்தார்.

அக்காலத்தில்தான், 1956-ல், அவர் செய்த செயலொன்று அறிந்தோரை வியப்பில் ஆழ்த்திற்று. வாழ்நாளெல்லாம் எளிய கதராடையோடு, வீண்செலவு ஒன்றுமின்றிச் சேர்த்து வைத்த பொருளில் ஓர் இலட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக் கழகத்திற்கு அளித்து, நூலகவியலுக்கெனப் பேராசிரியர் இருக்கையொன்றை நிறுவச் செய்தார். எந்தப் பல்கலைக் கழகம் அவரை மனம் நோக அனுப்பியதோ அதே பல்கலைக் கழகத்திற்குத் தந்தார். ஓர் இலட்சம் என்பது 1956-ல் எத்துணைப் பெரிய தொகை என்பதை நம் கல்லூரிப் பெரியோர்கள் உணர்வர். அவ்விருக்கைக்குத் தம் பெயரை அவர் வைக்கவில்லை. சாரதா அரங்கநாதன் பேராசிரியர் இருக்கை என மனைவியாரின் பெயரையே வைத்தார். திருமண நாளிலும் நூலகத்திற்குச் சென்றவரோடு வாழ்ந்து, சேமிப்பு முழுவதையும் கொடுத்துவிட இசைந்த அவ்வம்மையாரின் பங்கு அக்கொடையில் பாதியேனும் இருக்கும் என்பது என் எண்ணம்.

பெங்களூரில் இறுதி ஆண்டுகள்

1957-க்குப் பின் பெங்களூரே அவர் உறைவிடமாயிற்று. அவ்வாண்டு பத்மசிறீ விருது பெற்றார். இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் சார்பில், மகலனோபிசின் துணையோடு, ஆவணமாக்க ஆய்வுப் பயிற்சி மையம் 1962-ல் பெங்களூரில் தோன்றியது. அறுபது வயதைக் கடந்தவர், தொழிற்சாலைகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் நூலகப் பணியாற்றுவோர்க்கெனப் புதியதொரு பாடத்திட்டத்தை அங்கே வகுத்தார். 1964-ல் அமெரிக்காவின் பிட்சுபர்க் பல்கலைக் கழகம் மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கிற்று. 1965-ல் இந்திய அரசு அவரைத் தேசிய ஆய்வுப் பேராசிரியராக அமர்த்தியது. சர் சி.வி. இராமனும் சத்தியேந்திரநாத் போசும் பெற்ற சிறப்பு அது. 1924-ல் செய்வதற்கொன்றுமில்லை என்று அவர் விட்டோட நினைத்த அத்தொழில், இயற்பியலோடு ஒரே வரிசையில் வைத்து மதிக்கப் பெற்றது. 1970-ல் அமெரிக்க நூலகச் சங்கம் பகுப்பியல் தொண்டிற்காக மார்கரெட் மான் பாராட்டிதழை அவர்க்கு வழங்கியது.

அவரிடம் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. தம்மைப் போலவே பிறரும் நாள் முழுதும் உழைக்க வேண்டும் என எதிர்பார்த்தார். அதனால் உடனிருந்தோர் பட்ட துன்பமும் உண்டு. அவர் ஆக்கிய கலைச்சொற்கள் தொடக்கத்தில் பயில்வாரை மருட்டும். கோலன் பகுப்பு முறை அறிஞர்களால் போற்றப்பட்ட அளவிற்கு நூலகங்களால் மேற்கொள்ளப்படவில்லை. இந்நாட்டு நூலகங்களிற் பலவற்றில் நூல்களின் முதுகில் இன்றும் அமெரிக்கராகிய டூயி வகுத்த எண்ணே ஒட்டப்பட்டிருக்கிறது. அவர் கண்ட எண்முறை அலமாரியில் பரவியதைக் காட்டிலும், அவர் கேட்ட இருக்கை நிறுவனங்களில் பரவியது மிகுதி.

1972 செப்டம்பர் 27-ஆம் நாள் பெங்களூரில் அரங்கநாதன் இயற்கை எய்தினார். அவர் எழுதிய தன்வரலாறு நூற்றாண்டு விழா ஆண்டாகிய 1992-ல் நூலுருப் பெற்றது. தமிழக அரசு பொது நூலகத் துறையினர்க்கு வழங்கும் நல்நூலகர் விருது அவர் பெயரால் அமைந்தது. அவ்விருதைப் பெறுவோருள் மாவட்ட மைய நூலகத்தின் பெரிய அறையில் அமர்ந்திருப்போர் மட்டுமல்லர், ஒற்றை அறையில் நாளிதழ்களை அடுக்கி வைத்துவிட்டு வாசகர்க்காகக் காத்திருக்கும் ஊர்ப்புற நூலகரும் உண்டு.